சோப்பாக உறைந்த கலன்: புங்க எண்ணெய் பயோடீசல் கூடம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வுக்குரிய கூடம், உண்ணத் தகாத எண்ணெயிலிருந்து பயோடீசல் தயாரித்து, அதைத் தன் உறுப்பினர்களின் நீரிறைக்கும் இயந்திரங்களுக்கும் ஒரு ஜெனரேட்டருக்கும் பயன்படுத்திவந்த சிறிய கூட்டு அமைப்பு ஒன்றினுடையது. உறுப்பினர்கள் கொண்டுவரும் புங்கம் பருப்பை அங்கேயே எக்ஸ்பெல்லரில் ஆட்டி, வடிகட்டிய எண்ணெயை ஓர் ஈட்டுக்கு 100 கிலோ என்ற கணக்கில் கலனில் ஏற்றி வினைப்படுத்துவார்கள். பிண்ணாக்கு உரமாகப் போய்விடும். மேற்பார்வையாளர் ஒருவரும் உதவியாளர் இருவருமே வேலையைப் பார்த்துக்கொண்டார்கள். சிக்கல் முற்றிய நிலையில்தான் என்னை ஆலோசனைக்கு அழைத்தார்கள். அதற்கு முற்பட்ட பகுதியை அவர்களுடைய பதிவேட்டைக் கொண்டும், அவர்கள் சொன்னதைக் கொண்டும் எழுதியிருக்கிறேன்.

புங்க எண்ணெயைத் தேர்ந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதிலுள்ள கொழுப்பு அமிலங்களில் பெரும்பங்கு ஒலியிக் அமிலம் என்பதால், அதிலிருந்து கிடைக்கும் எஸ்டர், அதாவது பயோடீசலாகும் பொருள், டீசல் இயந்திரத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது. கரஞ்சின், பொங்கமால் போன்ற பொருட்கள் கலந்திருப்பதால் எண்ணெய் கசக்கும், நாறும், சமையலுக்கு ஆகாது. ஆகவே உணவுக்கான எண்ணெயோடு அது போட்டிக்கு வருவதில்லை. காட்டாமணக்கையும் அவர்கள் ஒரு கட்டத்தில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அதிலுள்ள ஃபோர்பால் எஸ்டர் என்ற நச்சு பிண்ணாக்கிலும் தங்குவதால் கையாளத் தயங்கி விட்டுவிட்டார்கள். அது சரியான தயக்கம்தான்.

செய்முறை, எங்கும் பின்பற்றப்படும் கார வினையூக்கி முறையே. எண்ணெயின் ஒரு மூலக்கூறு கிளிசரால் முதுகெலும்பில் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகளைத் தாங்கி நிற்கிறது. மெத்தனால் அந்தச் சங்கிலிகளைக் கழற்றி, ஒவ்வொன்றையும் மெத்தில் எஸ்டராக்கி, கிளிசராலைத் தனியே விடுவிக்கிறது. கணக்குப்படி 100 கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ 11 கிலோ மெத்தனால் போதும். ஆனால் வினை இருபுறமும் செல்லக்கூடியது என்பதால், அதை முன்னோக்கித் தள்ள இருமடங்காக 22 கிலோ சேர்ப்பது வழக்கம். கூடத்தாரும் 22 கிலோ மெத்தனாலில் ஒன்றரை கிலோ காஸ்டிக் பொட்டாஷைக் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம்) கரைத்து, 60 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரம் கலக்கி, இரவு முழுவதும் படியவிட்டு, மறுநாள் அடியில் தங்கும் கரும்பழுப்புக் கிளிசராலைத் திறந்துவிட்டு, மேலே நிற்கும் எஸ்டரை வெதுவெதுப்பான நீரால் கழுவி உலர்த்தினார்கள். தொடக்கத்தில் எண்ணெயில் கட்டற்ற கொழுப்பு அமிலம், அதாவது கிளிசராலோடு பிணையாமல் தனித்து நிற்கும் அமிலம், சுமார் 2 விழுக்காடு இருந்ததாகப் பதிவேட்டில் குறிப்பு உண்டு. அந்த அமிலத்தை நடுநிலையாக்க 400 கிராம் பொட்டாஷ், வினையூக்கியாக ஒரு கிலோ, அதற்கு மேல் கொஞ்சம் கைக்காவல் என்று பார்த்தால் ஒன்றரை கிலோ மிகப் பொருத்தமான அளவு. முதல் பருவம் முழுவதும் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியதற்குக் காரணமும் அதுவே.

முதல் அறிகுறிகள்

இரண்டாம் பருவத்தில், மழை ஓய்ந்த பிறகு ஆட்டிய எண்ணெயில்தான் மாற்றம் தெரியத் தொடங்கியது. அடியில் படியும் கிளிசரால் அடுக்கு மெலிந்துகொண்டே வந்தது. எஸ்டரைக் கழுவும்போது நீர் பால்போல வெளுத்து, மணிக்கணக்கில் பிரியாமல் நின்றது. கழுவி எடுத்த எரிபொருளின் அளவும் குறைந்தது. ஜெனரேட்டரின் எரிபொருள் வடிகட்டியில் வழவழப்பான பசை போன்ற ஒன்று அடைத்துக்கொள்ள, அதை அடிக்கடி கழற்றி மாற்ற வேண்டியிருந்தது. பயோடீசல் பழைய தொட்டியின் கசடைக் கரைத்துக் கொண்டுவரும் என்று யாரோ சொன்னதை நம்பி, அடைப்புக்கு அதுதான் காரணம் என்று விட்டிருக்கிறார்கள். அப்படி நிகழ்வது உண்மைதான் என்றாலும், அது எரிபொருளை மாற்றிய தொடக்கத்தில் காணப்படுவது. ஒரு பருவம் ஓடிய தொட்டியில் புதிதாகக் கசடு கரைய வாய்ப்பு மிகக் குறைவு. விரலில் எடுத்து வெந்நீரில் தேய்த்தால் நுரைக்கும் பசை, கசடு அல்ல, சோப்பு.

கலன் உறைந்தது

விளைச்சல் குறைவதைக் கண்ட மேற்பார்வையாளர், வினையூக்கி போதவில்லை என்று முடிவு செய்தார். பாதி உண்மையான முடிவு அது. அடுத்த ஈட்டில் பொட்டாஷை நான்கு கிலோவாக உயர்த்தினார். கலக்கும்போது திரவம் நன்றாகத் தெளிந்து வந்ததால் நம்பிக்கையோடு படியவிட்டுப் போயிருக்கிறார்கள். காலையில் வந்து அடிக்குழாயைத் திறந்தபோது ஒரு சொட்டும் இறங்கவில்லை. மூடியைத் திறந்து பார்த்தால், கலன் முழுவதும் பழுப்பு நிறக் கூழாக உறைந்து, குச்சியை நட்டால் நிற்கும் பதத்தில் இருந்தது. அதன் பிறகே வெளியிலிருந்து ஆலோசனை கேட்கத் தீர்மானித்தார்கள்.

சென்று பார்த்தபோது

முதலில் கேட்டது எண்ணெயின் அமில எண் (ஒரு கிராம் எண்ணெயிலுள்ள அமிலத்தை நடுநிலையாக்க எத்தனை மில்லிகிராம் பொட்டாஷ் வேண்டும் என்ற அளவு) என்ன என்பதுதான். முதல் பருவத்துக்குப் பிறகு யாரும் அளக்கவில்லை. "போன வருஷமும் இதே மரத்துக் காய்தான் சார், இதே அளவுதான் போட்டோம்" என்று உதவியாளர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. மரம் ஒன்றேயானாலும் எண்ணெய் ஒன்றாக இருப்பதில்லை என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

அளக்கக் கருவி பெரிதாக வேண்டியதில்லை. ஒரு மில்லி எண்ணெயைப் பத்து மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, செறிவு தெரிந்த பொட்டாஷ் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறங்காட்டி மாறும் இடத்தைக் குறித்தால் போதும். ஆனால் புங்க எண்ணெயில் ஒரு சங்கடம் உண்டு. அது செம்பழுப்பாக இருப்பதால் ஃபினால்ஃப்தலீனின் இளஞ்சிவப்பு அதற்குள் மறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியும்போது அளவு எல்லையைத் தாண்டிப் போயிருக்கும். அவர்களிடம் இருந்ததும் ஃபினால்ஃப்தலீன் மட்டுமே. ஆல்கஹாலின் அளவைக் கூட்டி மாதிரியை நன்றாக நீர்க்கச் செய்து, மஞ்சளிலிருந்து நீலத்துக்கு மாறும் தைமால் நீலத்தைப் பயன்படுத்தியபோது முடிவுப் புள்ளி தெளிவாகக் கிடைத்தது. அமில எண் 28. அதாவது எண்ணெயில் கட்டற்ற கொழுப்பு அமிலம் ஏறத்தாழ 14 விழுக்காடு.

இந்த ஓர் எண் கிடைத்ததும் நடந்தவை எல்லாம் கணக்கில் அடங்கின. 100 கிலோ எண்ணெயில் 14 கிலோ கட்டற்ற அமிலம் இருந்தால், அதை நடுநிலையாக்கவே 2.8 கிலோ பொட்டாஷ் வேண்டும். ஒன்றரை கிலோ போட்ட ஈடுகளில், போட்டது அத்தனையும் அமிலத்தில் பாதியைச் சோப்பாக்குவதிலேயே தீர்ந்துபோக, எண்ணெயை எஸ்டராக்க வினையூக்கியே மிஞ்சவில்லை. நான்கு கிலோ போட்ட ஈட்டில் அமிலம் முழுவதும் நடுநிலையாகி, ஒரு கிலோவுக்கு மேல் வினையூக்கியும் மிஞ்சியது; வினையும் நடந்திருக்கிறது. ஆனால் 14 கிலோ அமிலம் ஏறத்தாழ 16 கிலோ பொட்டாசியம் சோப்பாகவும், கூடவே ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த நீராகவும் மாறியது. அவ்வளவு சோப்பு எஸ்டரையும் கிளிசராலையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ள, சூடு ஆறியதும் எல்லாம் சேர்ந்து உறைந்தது. சோடியம் காரம் போட்டிருந்தால் இன்னும் கெட்டியாகியிருக்கும். கட்டற்ற அமிலம் 3 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயை நேரடியாகக் கார முறைக்கு எடுத்துச் செல்லக்கூடாது என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதனால்தான்.

இன்னொன்றையும் அங்கே கண்டேன். எண்ணெயைச் சூடாக்கும் விறகு அடுப்பு, மெத்தனால் பீப்பாய்களிலிருந்து சில எட்டுத் தொலைவில் எரிந்துகொண்டிருந்தது. மெத்தனால் ஆவி காற்றில் 6 முதல் 36 விழுக்காடு வரை கலந்தாலே தீப்பற்றும். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய்ச் சிக்கலைப் பேசுவதற்கு முன், அடுப்பைச் சுவருக்கு அப்பால் கொண்டுபோய், அங்கிருந்து வெந்நீரைக் குழாய் வழியே கலனின் வெளிச்சுற்றுக்கு அனுப்பும்படி செய்ய வைத்தேன். அந்த ஏற்பாடு முடியும்வரை எந்த வேலையும் தொடங்கப்படவில்லை.

விதைக் கிடங்கு

எண்ணெயில் கட்டற்ற அமிலம் தானாக வருவதில்லை. விதைக்குள் கொழுப்பைப் பிளக்கும் லிப்பேஸ் என்ற நொதி இருக்கிறது. முளைவிடும் நாற்றுக்குக் கொழுப்பை உணவாக்கித் தருவது அதன் வேலை. ஈரமும் வெப்பமும் கிடைத்தால் சாக்குக்குள்ளேயே அது வேலையைத் தொடங்கிவிடும். பருப்பு உடைபட்டிருந்தால் இன்னும் விரைவு. பூஞ்சை பிடித்தால் பூஞ்சையின் நொதியும் சேர்ந்துகொள்ளும்.

கிடங்கில் சாக்குகள் வெறுந்தரையில், சுவரை ஒட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. அடுக்கின் நடுவிலிருந்த சாக்குக்குள் கையை நுழைத்தபோது வெளிக்காற்றைவிட உள்ளே தெளிவாகச் சூடு தெரிந்தது. சுவரோரச் சாக்குகளில் பருப்பு கறுத்து, பச்சைப் பூசணம் படர்ந்து, நசுக்கினால் மாவாக உதிர்ந்தது. முதல் பருவத்தில் உறுப்பினர்கள் நெற்றாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆட்டுவதற்குச் சற்று முன்புதான் ஓடு நீக்கப்பட்டது. இரண்டாம் பருவத்தில் இடம் மிச்சப்படும் என்று, ஓடு நீக்கிய பருப்பாகவே வாங்கத் தொடங்கியிருந்தார்கள். ஓட்டுக்குள் பாதுகாப்பாக இருந்திருக்க வேண்டிய பருப்பு மழைக்காலம் முழுவதையும் சாக்கில் கழித்தது.

சந்தேகத்தை உறுதிசெய்ய, வெளிர்நிறப் பருப்பையும் கறுத்த பருப்பையும் தனித்தனியே பொறுக்கி ஆட்டச் சொன்னேன். வெளிர்நிறப் பருப்பின் எண்ணெயில் கட்டற்ற அமிலம் 3 விழுக்காட்டுக்கு அருகில் நின்றது. கறுத்த பருப்பின் எண்ணெயில் 25. இரண்டும் சரிபாதி கலந்தால் 14 வருவதில் வியப்பில்லை.

முன்னிருந்த வழிகள்

கையிருப்பில் ஏற்கெனவே ஆட்டிய எண்ணெய் கணிசமாக இருந்தது. அதை என்ன செய்வது என்பதே உடனடிக் கேள்வி.

நல்ல எண்ணெயோடு கலந்து நீர்க்கச் செய்யலாம் என்பது மேற்பார்வையாளரின் யோசனை. ஆனால் 14 விழுக்காட்டு எண்ணெயை 2 விழுக்காட்டு எண்ணெயோடு கலந்து 3 விழுக்காட்டுக்குக் கொண்டுவர, ஒரு பங்குக்குப் பதினொரு பங்கு நல்ல எண்ணெய் வேண்டும். அவ்வளவு நல்ல எண்ணெய் இருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது. காரத்தால் அமிலத்தை முதலிலேயே சோப்பாக்கி வடித்தெடுப்பது, சமையல் எண்ணெய் சுத்திகரிப்பில் செய்யப்படுவது. இங்கே 14 கிலோ அமிலத்தோடு, சோப்பு தன்னோடு இழுத்துக்கொண்டு போகும் நல்ல எண்ணெயும் இழப்பாகும். கிளிசராலைச் சேர்த்து 200 டிகிரியளவில் சூடாக்கி, கட்டற்ற அமிலத்தை மீண்டும் கிளிசரைடாக்கும் முறை எனக்குப் பிடித்தமானது. கழிவாகப் போகும் கிளிசராலே அதற்கு மூலப்பொருள். ஆனால் அந்த வெப்பத்தையும் வெற்றிடத்தையும் தாங்கும் கலன் அவர்களிடம் இல்லை. நொதி முறை அவர்களுக்கு எட்டாத செலவு.

மிஞ்சியது அமில எஸ்டராக்கம். கந்தக அமிலத்தை வினையூக்கியாகக் கொண்டு, கட்டற்ற கொழுப்பு அமிலத்தையே மெத்தனாலோடு சேர்த்து எஸ்டராக்கிவிட்டு, அதன் பிறகு வழக்கமான கார முறைக்குச் செல்வது. இதில் அமிலம் இழப்பாகாமல் எரிபொருளாகவே மாறுகிறது என்பதுதான் இதைத் தேர்ந்ததற்கு முதற்காரணம். இருக்கும் வெப்பநிலையிலேயே வேலை முடிகிறது என்பது இரண்டாவது. குறையும் உண்டு: ஒவ்வொரு கொழுப்பு அமில மூலக்கூறும் எஸ்டராகும்போது ஒரு நீர் மூலக்கூறை வெளியிடுகிறது. அந்த நீர் சேரச் சேர வினை நின்றுவிடும்.

போத்தல் சோதனை

பெரிய கலனைத் தொடும் முன் ஒரு லிட்டர் கண்ணாடிப் போத்தல்களில் செய்து பார்க்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அளவு இவ்வாறு வைக்கப்பட்டது: எண்ணெயிலுள்ள ஒவ்வொரு கிராம் கட்டற்ற அமிலத்துக்கும் 2.25 கிராம் மெத்தனால், 0.05 கிராம் அடர் கந்தக அமிலம். 100 கிலோ எண்ணெய்க்குக் கணக்கிட்டால் இது 31.5 கிலோ மெத்தனாலும் 700 கிராம் அமிலமும் ஆகும். அமிலத்தை எண்ணெயில் நேரடியாக ஊற்றினால் பட்ட இடம் கருகும். ஆகவே குளிர்ந்த மெத்தனாலில் சிறிது சிறிதாகக் கலந்து, அந்தக் கலவையையே எண்ணெயில் சேர்க்க வேண்டும்.

ஒரு மணி நேரம் 60 டிகிரியில் கலக்கிய பின் அமில எண்ணை அளந்த உதவியாளர், 28 ஆக இருந்தது இறங்கியும் 12க்கு மேல்தான் நிற்கிறது என்று சோர்ந்துபோனார். அவர் அளந்த மாதிரியைச் சிறிது வெந்நீரில் குலுக்கிக் கழுவி, மேலே மிதந்த எண்ணெயை மீண்டும் அளக்கச் சொன்னேன், 6.5 வந்தது. கழுவாத மாதிரியில், வினையூக்கியாகப் போட்ட கந்தக அமிலமும் பொட்டாஷைத் தின்றுவிடுகிறது. கழுவிய மாதிரி வினை எவ்வளவு நடந்தது என்பதைச் சொல்கிறது. கழுவாத மாதிரி, அடுத்த கட்டத்தில் எவ்வளவு பொட்டாஷ் கூடுதலாக வேண்டும் என்பதைச் சொல்கிறது. இரண்டு அளவும் தேவை. ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்தால் கணக்கு கெட்டுவிடும்.

6.5 என்றால் இன்னும் 3 விழுக்காட்டுக்கு மேல் அமிலம் இருக்கிறது. மேலும் ஒரு மணி நேரம் சூடாக்கியும் அது அசையவில்லை. இங்கேதான் இரண்டு போத்தல்களை இரு வழியில் கொண்டுபோனோம். ஒன்றில், மெத்தனால் ஏற்கெனவே இருக்கிறதே என்று அப்படியே பொட்டாஷைச் சேர்த்தோம். மற்றதைப் படியவிட்டபோது மேலே கருமையான ஓர் அடுக்கு பிரிந்து நின்றது. மெத்தனாலும் வினையில் உண்டான நீரும் கந்தக அமிலத்தின் பெரும்பகுதியும் அதில் இருந்தன. வழக்கமான கார முறையில் எடுத்துவிட வேண்டியது அடியில் இருக்கும். இங்கே அது மேலே இருக்கிறது. பழக்கத்தில் அடியிலுள்ளதைக் கழிவென்று திறந்துவிட்டால் எண்ணெய்தான் போகும். அந்த மேலடுக்கை உறிஞ்சி அகற்றிவிட்டு, மீந்த அமிலத்துக்கேற்ப அதே விகிதத்தில் புதிய மெத்தனாலும் கந்தக அமிலமும் சேர்த்து இன்னொரு முறை சூடாக்கியதில் அமில எண் 2க்குக் கீழே இறங்கியது. முதல் போத்தல் வெண்ணெய்போல் கலங்கி, அடியில் பொட்டாசியம் சல்ஃபேட் உப்பு படிந்து, பிரியாமலே நின்றது. இரண்டாவது போத்தலில் பொட்டாஷ் சேர்த்த சிறிது நேரத்திலேயே கிளிசரால் சரேலென்று கீழே இறங்கி, மேலே தேன் நிறத்தில் எஸ்டர் நின்றது. இரண்டு போத்தல்களையும் அருகருகே சாளரத்தில் வைத்துவிட்டுப் போனேன். நீரை அகற்ற வேண்டும் என்பதை அதற்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கலனில் நடந்தது

பழைய கலன் சாதாரண இரும்பு. காரத்துக்கு அது தாங்கும். சூடான மெத்தனாலில் கரைந்த கந்தக அமிலத்துக்குத் தாங்காது. அமிலக் கட்டத்துக்கென்று 316 வகைத் துருவேறா எஃகில் தனிக் கலன் ஒன்று வாங்க முடிவு செய்தார்கள். மெத்தனாலின் கொதிநிலை 64.7 டிகிரிதான் என்பதால், ஆவி வெளியேறாமல் குளிர்ந்து திரும்ப விழும்படி மேலே ஒரு குளிர்விப்பான் பொருத்தப்பட்டது. இந்தச் செலவைக் குறித்து உறுப்பினர்களிடையே வாக்குவாதம் எழுந்தது. கெட்ட விதையை வாங்காமல் விட்டால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மழையில் சேகரிக்கப்படும் விதை எவ்வளவு கவனித்தாலும் ஒரே தரத்தில் வராது என்பதாலும், கையிருப்பு எண்ணெய் கண்முன்னே கிடந்ததாலும், கலன் வாங்கப்பட்டது.

உறைந்துபோன பழைய ஈட்டையும் எறியவில்லை. வெந்நீர் விட்டு இளக்கி, நீர்த்த கந்தக அமிலத்தைச் சேர்த்துக் கலக்கியதும் சோப்பு உடைந்து மீண்டும் கொழுப்பு அமிலமாக மேலே மிதந்தது. எஸ்டரும் எண்ணெயும் கொழுப்பு அமிலமும் கலந்த அந்த மேலடுக்கைக் கழுவி, உலர்த்தி, அமிலக் கட்டத்தின் வழியாக மறுபடியும் செலுத்தினார்கள். உலர்த்தாமல் செலுத்தியிருந்தால் ஈரமே வினையை நிறுத்தியிருக்கும்.

புதிய முறையில் முதல் ஈடு போத்தலில் கண்டபடியே நடந்தது. கழுவும்போது மட்டும் பழைய வழக்கப்படி நீரை வேகமாகப் பீய்ச்சியதில் பால்மம் உண்டாயிற்று. அடுத்த ஈட்டிலிருந்து வெதுவெதுப்பான நீரை மேலிருந்து மழைத்தூறல்போல் இறக்கி, முதற்கழுவலில் சிறிது சிட்ரிக் அமிலம் சேர்த்ததும் அது நின்றது. வினை நிறைவடைந்ததா என்பதை அறிய, 3 மில்லி எஸ்டரை 27 மில்லி மெத்தனாலில் குலுக்கிப் பார்க்கும் சோதனையை ஒவ்வோர் ஈட்டுக்கும் கட்டாயமாக்கினோம். எஸ்டர் முழுவதும் கரைந்துவிடும், வினைப்படாத எண்ணெய் இருந்தால் அடியில் துளியாகத் தங்கும். 100 கிலோ எண்ணெய்க்கு 90 கிலோவுக்குச் சற்று மேல் எரிபொருள் கிடைத்தது.

மீண்டும் நின்றுபோன அமில எண்

சில ஈடுகள் நன்றாக ஓடிய பிறகு, அமிலக் கட்டத்தில் எண் மறுபடியும் 8க்கு அருகில் நின்றுகொண்டது. விதையைச் சந்தேகித்தார்கள், விதையில் பெரிய மாற்றம் இல்லை. பதிவேட்டைப் புரட்டியபோது, அந்த ஈட்டிலிருந்துதான் மீட்டெடுத்த மெத்தனாலைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள் என்பது தெரிந்தது. மேலடுக்கிலிருந்து மெத்தனாலைக் காய்ச்சி வடிப்பது சரியான செயல்தான். அதைக் கொட்டுவது பணத்தையும் நிலத்தையும் சேர்த்துக் கெடுப்பது. ஆனால் எளிய வடிகலனில் பீப்பாய் வற்றும்வரை காய்ச்சினால், கடைசியில் வருவதில் நீரே மிகுதி. தூய மெத்தனாலின் அடர்த்தி 20 டிகிரியில் 0.79, அவர்கள் வடித்தது அதைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தது. அடர்த்திமானி ஒன்று வாங்கி, முதலில் வரும் பகுதியை மட்டும் அமிலக் கட்டத்துக்கு வைத்து, கடைசிப் பகுதியை அடுத்த வடிப்பில் சேர்ப்பது என்று விதி செய்யப்பட்டது. எண் மீண்டும் இறங்கியது.

எரிபொருளின் தரம்

பழைய, புதிய முறைகளின் மாதிரிகள் வெளி ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. புதிய முறையில் எஸ்டர் அளவு ஐரோப்பியத் தரமான இஎன் 14214 கேட்கும் 96.5 விழுக்காட்டைத் தாண்டியது. அமில எண் 0.5 என்ற எல்லைக்குள், மொத்தக் கிளிசரால் 0.25 விழுக்காட்டுக்குள், பாகுநிலை 3.5க்கும் 5க்கும் இடைப்பட்ட எல்லைக்குள் இருந்தன. பழைய முறையின் மாதிரி இவற்றில் ஒன்றையும் தேறவில்லை.

இரண்டு இடங்களில் புதியதும் தவறியது. நீர் ஒரு கிலோவுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருந்தது. காற்றில் கெடாமல் நிற்கும் தன்மை 110 டிகிரிச் சோதனையில் மூன்று மணி நேரத்தைக்கூட எட்டவில்லை; அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் டி6751 கேட்பது மூன்று மணி நேரம், இஎன் 14214 கேட்பது எட்டு. இவ்விரண்டு குறைகளுக்கும் ஒரே வேர் இருந்தது. எரிபொருளைச் சூடாக்கி அதனூடே காற்றைக் குமிழியிட்டு உலர்த்தினார்கள். நீர் முழுதாகப் போகவில்லை, ஆக்சிஜன் மட்டும் நன்றாகப் போய்ச் சேர்ந்தது. காற்றை நிறுத்திவிட்டு, ஒரு சிறிய வெற்றிடப் பம்பைப் பூட்டி, குறைந்த சூட்டில் உலர்த்த மாற்றினார்கள். உலர்ந்தவுடன் டிபிஎச்கியூ என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பியும் சேர்க்கப்பட்டது. நீர் எல்லைக்குள் வந்தது. நிலைத்தன்மை ஆறு மணி நேரத்தைக் கடந்தாலும் எட்டைத் தொடவில்லை. எனவே எரிபொருளை நெடுநாள் தேக்கி வைப்பதில்லை என்றும், டீசலோடு ஐந்தில் ஒரு பங்காகக் கலந்தே பயன்படுத்துவது என்றும் முடிவாயிற்று. அதன் பின் ஜெனரேட்டரின் வடிகட்டியில் பசை காணப்படவில்லை.

மாற்ற வேண்டியவை

இதே வேலையைத் தொடக்கத்திலிருந்து செய்வதானால், கலனுக்கு முன் கிடங்கைச் சரிசெய்யச் சொல்வேன். அமிலக் கட்டம் கெட்ட எண்ணெயைக் காப்பாற்றுகிறது என்றாலும், ஒவ்வோர் ஈட்டுக்கும் ஒன்றரை மடங்கு கூடுதல் மெத்தனாலையும் அதை மீட்கும் எரிபொருளையும் ஒரு நாள் வேலையையும் கேட்கிறது. இப்போது அங்கே விதை நெற்றாகவே வாங்கப்படுகிறது. வெயிலில் உலர்த்தி, தரையிலிருந்து உயர்த்திய மரச்சட்டங்களில், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்கப்படுகிறது. ஓடு நீக்குவது ஆட்டும் வாரத்தில் மட்டுமே. கறுத்த பருப்பு ஒதுக்கப்பட்டுத் தனியே ஆட்டப்படுகிறது. அமில எண் 5க்குக் கீழே உள்ள எண்ணெய் நேரே காரக் கலனுக்கும், அதற்கு மேற்பட்டது அமிலக் கலனுக்கும் போகின்றன.

ஒன்று இன்னும் தீரவில்லை. கிளிசரால் அடுக்கில் பொட்டாஷும் சோப்பும் மெத்தனாலும் கலந்தே இருக்கின்றன. அமிலம் சேர்த்துப் பிரித்தால் கொழுப்பு அமிலம் மேலேயும் உப்பு அடியிலும் ஒதுங்க, நடுவில் ஓரளவு தெளிந்த கிளிசரால் கிடைக்கிறது. மேலே வரும் கொழுப்பு அமிலம் அமிலக் கலனுக்கே திரும்பிப் போகிறது. கந்தக அமிலத்துக்குப் பதிலாகப் பாஸ்பாரிக் அமிலத்தைப் பயன்படுத்தினால் அடியில் படியும் பொட்டாசியம் பாஸ்பேட்டை உரமாகக் கொள்ளலாம் என்பதால், அதையே சோதித்துவருகிறார்கள். நடுவிலுள்ள கிளிசராலை வாங்குவாரில்லை. காரம் மிகுந்த கழுவு நீரும் அதே நிலையில் இருக்கிறது. இப்போதைக்கு அதன் மெத்தனாலை வடித்து, காரத்தை நடுநிலையாக்கி, தனித் தொட்டியில் தேக்கி வைத்திருக்கிறார்கள்.